ஆட்டத்துக்கு ஒரு ரெய்டு

1

இந்தக் கதை எனக்கு இரண்டு துண்டாகக் கிடைத்தது.

முதல் துண்டு, போனில் படித்த ஒரு விளையாட்டுச் செய்தி. எங்கோ பனி நாட்டில் ஐஸ் ஹாக்கி ஆடும் ஒரு தடுப்பாட்டக்காரர். அணிக்கு அவரை விட மனமில்லை. அவர் கேட்கும் சம்பளத்தைக் கொடுக்கவும் முடியவில்லை. பணம் இல்லாமல் அல்ல. ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஏற்றினால் இன்னொருவருக்கு இறக்க வேண்டும். படித்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்தில் கதை இருக்கும் என்பது என் அனுபவம். (பெரும்பாலும் பொய்த்த அனுபவம்.)

இரண்டாவது துண்டு, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் முன் இருக்கைப் பெண் போனில் பேசத் தொடங்கினார்.

"முட்டி எப்பிடி இருக்குது? நீ பாத்தியா? ஓடச் சொல்லு. ஓடி நின்னதும் மூச்சு வாங்குதான்னு பாரு. பின்னங்கால்ல தழும்பு இன்னாத்துக்கு?"

மாடு வாங்குகிறார் என்று நினைத்தேன். கூட்டேரிப்பட்டு வந்தபோது அவர் சொன்னார்:

"பி.ஏ. படிச்சிருந்தா இன்னா? மூலையில நிப்பானா?"

மாடு இல்லை.

இரண்டு துண்டையும் ஒட்டினேன். மற்றதெல்லாம் நான் கட்டியது. அந்தப் பெண் இதைப் படித்தால் தன்னை அடையாளம் காண மாட்டார். படிக்கவும் மாட்டார். கதை வாங்குகிறவர் மாதிரி தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்தது. [அடித்துவிட்டேன். திண்டிவனத்தில் ஐஸ் மீன் பெட்டியில்தான் இருக்கிறது.]

இரண்டாவது: தென்னரசுவின் கைகள் [கைகளைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. நான்கு உவமைகள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பெரிய கைகள்.]

மூன்றாவது: கலைப்பிரியா அன்று காலை எழுந்தபோது [கதையில் யாரும் காலையில் எழக் கூடாது என்று எனக்கு ஒரு விதி.]

நான்காவது: ஆடு குட்டி போட்ட பிறகுதான் லீக்கின் சட்டம் [நல்ல தொடக்கம். ஆனால் கதை ஆட்டின் கதையாகிவிடும். ஆட்டை அடிக்குறிப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.]

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதைக்கும் உச்சவரம்பு உண்டு. பத்திரிகை ஆசிரியர் சொற்களுக்கு அளவு வைத்திருக்கிறார். ஒருவருக்கு ஒரு பத்தி கூடக் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து பிடுங்க வேண்டும். ஆகவே கலைப்பிரியாவின் சங்கடம் எனக்குப் புரிகிறது. நானும் மேனேஜர்தான்.

ஐந்தாவது தொடக்கம்:

தென்னரசு ஒன்பது வருடமாக இடது மூலையில் நிற்கிறான். ஒரு தடவைகூடக் கோட்டைத் தாண்டியதில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

கபடி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவன் மூச்சை அடக்கிக் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டிப் போய், எதிரணியில் ஒருவனையாவது தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும்; அதுதான் ரெய்டு. எதிரணி அவனைத் திரும்ப விடாமல் பிடிக்க வேண்டும்.

பாடிப் போகிறவனுக்குப் போஸ்டரில் படம் போடுவார்கள். பிடிக்கிறவனுக்குப் பெயர் மட்டும், அச்சகத்தில் இடம் மிஞ்சினால். தென்னரசு பிடிக்கிறவன். திண்டிவனம் கிடங்கல் அணியின் இடது மூலை. கணுக்காலைப் பிடிப்பான். பிடித்தால், மேனேஜர் 'வுடு' என்று சொல்லும்வரை விடமாட்டான். ஒருமுறை நடுவர் விசில் ஊதி, இடைவேளை விட்டு, எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போன பிறகும் ஒரு வானூர்ப் பையனின் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தான். மேனேஜர் கலைப்பிரியா அன்று தொண்டை கட்டி, பேச முடியாமல் இருந்தாள். கடைசியில் பையனே கையெடுத்துக் கும்பிட்டான். பயனில்லை. யாரோ சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் வாய் கொப்பளித்துச் சொன்ன பிறகுதான் விட்டான்.

லீக்கில் எட்டு அணிகள். செயலாளர் அந்தோணிசாமி, முப்பது வருடம் மாதா கோவிலில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் அணியின் முதலாளி கோதண்டபாணி, ஹாலோ பிளாக் பட்டறைக்காரர், நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தத்தான் அந்தோணிசாமி உச்சவரம்பைக் கொண்டுவந்தார். நில உச்சவரம்பை ஊர் 'சீலிங்' என்று சொன்ன மாதிரியே இதையும் சொன்னார்கள். ஓர் அணி ஒரு சீசனுக்குக் கொடுப்பது, பணமாகவோ பொருளாகவோ வேறெவ்வித நன்மையாகவோ,* மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டக் கூடாது.

அவர் இன்னொன்றும் கொண்டுவந்தார். கோவிலில் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் பழக்கம் அவருக்கு. ஒப்பந்தத்துக்கும் அப்படியே வைத்துவிட்டார். மூன்று ஞாயிறு, மூன்று ஊர் மைதானத்தில், மைக்கில் வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். முதல் வருடம் அவர் வாசித்து முடித்ததும் கூட்டத்தில் ஒருவர், "பொண்ணுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

* அந்த ஆடு: உச்சவரம்பு வந்த வருடமே கோதண்டபாணி ஒரு ஆட்டக்காரனுக்குச் சம்பளம் போக ஒரு வெள்ளாடு கொடுத்தார். விலை போட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். சீசன் நடுவில் ஆடு இரண்டு குட்டி போட்டது. குட்டிகளும் சம்பளமா? கமிட்டி பலமுறை கூடியது. அந்தோணிசாமியின் தீர்ப்பு: "தாயி கணக்குல வந்துச்சு. புள்ளைங்க ஆண்டவர் குடுத்தது." அதன்பின் எட்டு அணிகளும் சினை ஆடு தேடி அலைந்தன. அடுத்த வருடம் சட்டத்தில் 'எவ்வித நன்மையும்' என்பது சேர்ந்தது. ஆட்டுக்கு இவ்வளவுதான். இதற்கே தென்னரசுவின் கைகளை விற்றிருக்கிறேன்.

4

கலைப்பிரியா இன்சூரன்ஸ் ஏஜென்ட். கிடங்கல் அணியில் எல்லோருக்கும் பாலிசி போட்டவள். போட்ட பிறகு யாரும் காலை உடைத்துக்கொள்கிறார்களா என்று பார்க்க மைதானத்துக்கு வரத் தொடங்கினாள். வந்தவள் கோட்டோரம் நின்று கத்தினாள். கத்தியது சரியாக இருந்தது. பழைய மேனேஜர் சிங்கப்பூர் போனபோது விசிலையும் பையையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வாரத்தில் ஆறு நாள் அவள் தெருவில் நுழைந்தால் 'பாலிசிக்காரி வர்றா' என்று கதவு சாத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், எந்த ஊர் மைதானமானாலும் யாராவது ஒருவர், "மேனேஜருக்கு சேர் போடுப்பா" என்று சொல்வார். அவள் அந்தச் சேரில் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் போட வேண்டும்.

போன சீசனில் கிடங்கல் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இடம் வந்தால் லீக்கைவிட்டு வெளியே. தென்னரசு போனால் கடைசி இடம். கடைசி இடம் வந்தால் சேர் இல்லை.

தென்னரசுவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அறுபதாயிரத்துக்கு ஆடினான். கோதண்டபாணி ஒரு லட்சம் என்று எழுதி, லீக்கில் கொடுத்தும்விட்டார். அவர் அணியில் இரண்டு பேர் துபாய் போனதால் சீலிங்கில் இடம் இருந்தது.

[தேவா என்று ஒரு ஆட்டக்காரன் இங்கே வர வேண்டும். கிடங்கலின் ரெய்டர். நன்றாக முடி வெட்டியிருப்பான். அவனுக்கு ஒரு காதலும் இருந்தது. இடம் இல்லை. தேவாவை இந்தக் கதையிலிருந்து விடுவிக்கிறேன். வேறு கதையில் நன்றாக ஆடுவான்.]

5

தென்னரசு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குகிறவன். ஒப்பந்தம் பேச கலைப்பிரியா அவன் வீட்டுக்குப் போனாள். என் முதல் வரைவில் அவன் தனியாக இருந்தான். பேசவே இல்லை. இரண்டு பக்கம் மல்லாட்டை உரித்தான். வேறு வழியில்லாமல் அவனுக்கு அமலாவைக் கட்டிவைத்தேன். அவள் குயிலாப்பாளையத்துக்காரி. ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்த்தவள். வெள்ளைக்காரர்களிடம் பேரம் பேசிப் பழகியவள்.

அமலா வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டினாள்.

"சாப்பிடுக்கா. சாப்ட்டுக்கினே பேசலாம்."

"வாயில போட்டா பேச்சு கொறைஞ்சிடும்னு பாக்கறியா?"

"பேச்சு கொறையட்டும். காசு கொறையாம இருந்தா செரி."

"அறுபது குடுத்துக்கினு இருந்தன். எழுபது எழுதறன்."

"விழுப்புரத்துல ஒண்ணு சொல்றாங்களே."

"அவரு சொல்லுவாரு. அவரு போடற கல்லு மாதிரிதான். வெளிய பெருசா தெரியும். உள்ள ஓட்டை."

"ஓட்டையா இருந்தாலும் செவுரு நிக்குதேக்கா."

கலைப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பேரத்தில் சிரித்தால் ஐயாயிரம் போய்விடும்.

"என் சீலிங்கே மூணு லட்சம். பன்னெண்டு பேரு. எழுபதுக்கே மண்ட இடிக்குது. ஒண்ணு குடுத்தா ரெண்டு பேர வூட்டுக்கு அனுப்பணும்."

"அனுப்பு."

"அனுப்பிட்டு? ஒரு மூலையில உங்க வூட்டுக்காரரு. இன்னொரு மூலையில நான் பொடவய இழுத்துச் செருகிக்கினு நிக்கவா?"

"நீ நின்னா எவனும் பாடிக்கினு வரமாட்டான்க்கா. பாலிசி போட்டுடுவியே."

தட்டில் தோல் குவிந்துகொண்டிருந்தது. [இந்த இடத்தில் எழுபத்தைந்து, எழுபத்தெட்டு என்று அரைப் பக்கம் இருந்தது. பேரம் எல்லோருக்கும் தெரியும்.]

அப்போது தென்னரசு பேசினான். நான் எதிர்பார்க்கவில்லை.

"எழுபதே போதும்க்கா."

அமலா உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் எழுதணும்," என்றான். "ஆட்டத்துக்கு ஒரு ரெய்டு."

"யாருக்கு?"

"எனக்கு."

கலைப்பிரியா அவனைப் பார்த்தாள். பெரிய உடம்பு. ஓடத் தெரியாது. உட்கார்ந்தால் எழுவதற்கே யோசிப்பான்.

"உனக்கு ரெய்டு வராதுப்பா."

"தெரியும்."

"போனா புடிச்சிடுவாங்க."

"புடிக்கட்டும்."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

அவன் கொஞ்ச நேரம் உரித்தான்.

"ஒம்போது வருசமா வர்றவன்லாம் பாடிக்கினு வர்றான். நான் வாய மூடிக்கினு நிக்கறன். கோட்டுக்கு அந்தாண்ட எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும்."

"அந்தாண்டயும் மண்ணுதான்."

"செரி. மண்ண பாக்கறன்."

அமலா தாழ்ந்த குரலில் சொன்னாள். "குளிக்கச்சொல்ல பாடுவாருக்கா. பாட்டு இல்ல. கபடி கபடி. பக்கத்து வூட்ல வந்து தண்ணி கொதிக்குதா இன்னான்னு கேட்டாங்க."

கலைப்பிரியா கணக்குப் போட்டாள். ஆட்டத்துக்கு ஒரு புள்ளி போகும். ஆனால் அவன் மூலையில் நின்றால் ஏழெட்டுப் புள்ளி வரும். பணம் ஒரு ரூபாய் ஏறவில்லை. சீலிங் அப்படியே இருக்கிறது. ஒரு மனிதனின் ஆசைக்கு ரசீது கிடையாது.

எழுதினாள்.

"புடிபட்டா யாரும் திட்டக் கூடாது. அதையும் எழுது," என்றாள் அமலா.

"அத எழுத முடியாதுடி. திட்டறது நானு."

6

முதல் ஞாயிறு குயிலாப்பாளையம். அந்தோணிசாமி மைக்கில் வாசித்தார்.

"கிடங்கல் அணிக்கும் தென்னரசுவுக்கும் ஓராண்டு ஒப்பந்தம் செய்ய நிச்சயித்திருப்பதால், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சம்பளம் எழுபதாயிரம். மேலும், ஆட்டத்துக்கு ஒரு ரெய்டு. முதல் ஓலை."

கூட்டம் சிரித்தது. ஸ்கூட்டரில் வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

இரண்டாவது ஞாயிறு மேல்சித்தாமூர். தடை இல்லை. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம்.

மூன்றாவது ஞாயிறு ஓமந்தூர். அன்றோடு பதிவு முடிகிறது. அந்தோணிசாமி 'மூன்றாம் ஓலை' என்று சொல்லி மைக்கை அணைக்கப் போனார்.

"தடை இருக்குது," என்றார் கோதண்டபாணி.

கல்யாணத்தில் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் உள்ளுக்குள் ஆசை உண்டு. கூட்டம் எழுந்து நின்றது.

"எவ்வித நன்மையும்னு சட்டத்துல இருக்குதா இல்லியா, உபதேசியாரே?"

"இருக்குது. நான்தான் எழுதனேன்."

"ஒரு மனுசன் ஒம்போது வருசமா ஆசப்பட்டது அவனுக்குக் கெடைக்குது. அது நன்மையா, இல்லியா?"

அந்தோணிசாமி யோசித்தார். இந்த மாதிரிக் கேள்விக்கு அவரால் பொய் சொல்ல முடியாது.

"நன்மைதான்."

"அப்ப வெல போடு. ஆட்டுக்குப் போட்டீங்க இல்ல?"

கிடங்கல் ஏற்கெனவே சீலிங்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நூறு ரூபாய் விலை போட்டாலும் ஒப்பந்தம் செல்லாது. செல்லாவிட்டால் எழுத்தில் இருக்கும் அடுத்த ஒப்பந்தம் விழுப்புரத்துடையது. கலைப்பிரியா சேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நன்மை யாருக்குண்ணா? இவரு போனா புடிபடுவாரு. பாயின்ட் எதிர் டீமுக்கு. எங்களுக்கு நஷ்டம். நன்மைய சீலிங்ல கூட்டணும்னா நஷ்டத்த கழிக்கணும். கழிங்க. கழிச்சா இன்னும் ஒருத்தர எடுக்க எனக்கு எடம் இருக்குது."

கூட்டம் விசிலடித்தது. கோதண்டபாணியே லேசாகத் தலையாட்டினார். நல்ல வாதம். [நான் இரண்டு நாள் யோசித்தது. அவள் உடனே சொல்லிவிட்டாள்.]

"நஷ்டம்னு நீ சொல்ற. நன்மைன்னு அவரு சொல்றாரு," என்றார் அந்தோணிசாமி. "வாயால பேசிக்கினு இருந்தா பேஜாரு. பாத்துடுவோம். இப்ப ஒரே தடவ போவட்டும். எதிர்ல விழுப்புரம் நிக்கட்டும். பாயின்ட் எடுத்தாந்தா நன்மை. ஒப்பந்தம் செல்லாது. புடிபட்டா நஷ்டம். ஒப்பந்தம் செல்லும். கழிக்கறதெல்லாம் கெடையாது, உக்காரும்மா."

7

வாசகரே, கொஞ்சம் நில்லுங்கள். நான் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சமையலறைவரை நடந்து திரும்பினேன். நான் அடக்கமாக எழுதுகிறவன். என் கதைகளில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. இப்போது என்னாலேயே முடியவில்லை. என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

அவன் வென்றால் கிடங்கல் தோற்கும். லட்ச ரூபாயோடு விழுப்புரம் போவான். அங்கே அவனை யாரும் பாட விட மாட்டார்கள். இன்று பாடியது கடைசி. அவன் தோற்றால் எழுபதாயிரத்தோடு இங்கேயே இருப்பான். ஆட்டத்துக்கு ஒருமுறை போய்த் தோற்கலாம்.

அவனைப் பிடிக்க வேண்டிய விழுப்புரத்து ஏழு பேரும் அவனைப் பிடிக்கக் கூடாது. அவன் பிடிபட வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியவள் அவனுடைய மேனேஜர்.

கோதண்டபாணி தன் பையன்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"எவனாவது புடிச்சீங்க, தொலைச்சிடுவேன்."

"பின்ன இன்னாண்ணா பண்றது?"

"தொட வுடுங்க. தொட்டதும் வழி வுடுங்க. ஜல்தியா முடிங்க."

அமலா தன் புருஷனின் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"இன்னா பண்ணப் போறீங்க?"

"பாடப் போறன்."

"அது தெரியும். அப்பறம்?"

"அப்பறம் தெரியல."

அவள் கலைப்பிரியாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லட்சம் வந்தா எங்களுக்கு நல்லதுதான்க்கா. மறைக்க இன்னா இருக்குது?"

"தெரியும்டி."

"ஆனா குளிக்கச்சொல்ல பாடறத நிறுத்திடுவாரு."

[இந்த வரிக்காக கிடங்கல் அணிக்குப் பனியன் வாங்கித் தரும் ஜவுளிக்கடைக்காரரை முழுதாக நீக்கினேன். அவர் நல்லவர். போகட்டும்.]

8

தென்னரசு கோட்டுக்கு முன்னால் நின்றான். குனிந்து கோட்டைப் பார்த்தான். சுண்ணாம்பு. இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கும்பிட்டான். தாண்டினான்.

முதல் 'கபடி' கரகரத்தது. இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவது ஓமந்தூர் முழுக்கக் கேட்டது. பல வருடம் குளியலறையில் சேர்ந்த குரல்.

ஏழு பேரும் பின்வாங்கினார்கள். அவன் போனான். அவர்கள் இன்னும் பின்வாங்கினார்கள். ஒரு பையன் கையை நீட்டிக்கொண்டு நின்றான், ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறவன் மாதிரி.

"தொடுண்ணா. சும்மா தொடு."

தென்னரசு தொடவில்லை. 'ஒழுங்கா நில்லுங்கடா' என்று சொல்ல நினைத்திருக்க வேண்டும். சொல்ல முடியாது. பேசினால் பாட்டு அறுந்துவிடும். கண்ணால் திட்டினான். பாடிக்கொண்டே இடது பக்கம் போனான். வலது பக்கம் வந்தான். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவனைப் போல அந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தான். முப்பது நொடிதான் கணக்கு. பாதி போய்விட்டது.

அப்போது விழுப்புரத்தின் மூலைப் பையன் அவனுக்கு வழிவிட ஓடினான். நடுக்கோட்டை ஒட்டி, அவன் மூக்குக்கு முன்னால், ஒரு கணுக்கால் நகர்ந்தது.

ஒன்பது வருடப் பழக்கம். கணுக்கால் நகர்ந்தால் அந்தக் கைகளுக்கு வேறெதுவும் தெரியாது.

பாய்ந்து பிடித்துவிட்டான்.

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பாடிப் போனவனே பிடித்தால் என்ன செய்வதென்று அவர் யோசித்ததே இல்லை. ஊதவில்லை.

தென்னரசு எதிரணியின் மண்ணில் குப்புறக் கிடக்கிறான். கையில் கணுக்கால். பாட்டு நிற்கவில்லை. கபடி கபடி கபடி.

[இனி நிகழ்காலம். எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. திருத்தவில்லை.]

தொட்டாயிற்று. கோட்டுக்குத் திரும்பினால் புள்ளி. நடுக்கோடு அவன் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. காலை நீட்டினால் போதும். ஆனால் பிடித்தவன் பின்னால் இழுக்க வேண்டும் என்பது அவன் உடம்புக்குப் பாடம். பின்னால் என்பது அவனுக்கு எப்போதும் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போவது. இழுக்கிறான்.

விழுப்புரத்தின் மற்ற ஆறு பேரும் ஓடிவந்து தங்கள் பையனைப் பிடித்துக் கோட்டை நோக்கித் தள்ளுகிறார்கள். இருவரும் சேர்ந்து வர வேண்டும். பாடி வந்தவனை எதிரணியே அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடப் பார்க்கிறது. அவன் வர மாட்டேன் என்கிறான்.

"வாண்ணா, வந்துடுண்ணா," என்று கெஞ்சுகிறான் மூலைப் பையன். "கால் எனுதுண்ணா."

கோதண்டபாணி துண்டை உதறிக்கொண்டு கோட்டோரம் ஓடுகிறார். அந்தோணிசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு எதையும் சொல்ல மறந்துவிட்டார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. அமலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள், அல்லது அழுகிறாள். அடுத்த வரைவில் முடிவு செய்கிறேன். சேர் கவிழ்ந்து கிடக்கிறது.

தென்னரசு தலையைத் திருப்பிக் கலைப்பிரியாவைப் பார்க்கிறான்.

கண் சிரிக்கிறது. வாய் பாடுகிறது. அவள் சொல்லும்வரை விட மாட்டான். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நான்தான் மூன்றாம் பகுதியில் எழுதினேன். வானூர்ப் பையனைக் கேளுங்கள்.

9

முடிவு ஒன்று. அவள், "வுடாத" என்கிறாள். மூச்சு தீர்கிறது, பிடிபட்ட கணக்கு. ஒப்பந்தம் செல்லும். சீசன் முழுக்க ஆட்டத்துக்கு ஒருமுறை அவன் கோட்டைத் தாண்டுகிறான், பிடிபடுகிறான், மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்புகிறான். அதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. அமலா வாரந்தோறும் முப்பதாயிரத்தை ஞாபகப்படுத்துகிறாள். சேர் இருக்கிறது. [ஆனால் அவன் வாழ்க்கையில் எடுத்திருக்கக்கூடிய ஒரே புள்ளியை அவன் மேனேஜரே தடுத்தாள். அந்தச் சேர் பக்கத்தில் எப்படி நிற்பாள்? உட்காரவும் மாட்டாள்.]

முடிவு இரண்டு. அவள், "வுடு" என்கிறாள். அவன் விடுகிறான். கால் கோட்டைத் தொடுகிறது. ஒரு புள்ளி. ஓமந்தூர் அவனைத் தோளில் தூக்குகிறது. அடுத்த போஸ்டரில் படம். விழுப்புரத்தின் மூலையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். கிடங்கல் கடைசி இடம். ஞாயிற்றுக்கிழமையும் அவள் பாலிசிக்காரி. [ஆனால் ஒருமுறை அவன் ஜெயித்த முகத்தைப் பார்த்தாள்.]

முடிவு மூன்று. இப்படி ஒரு ரெய்டுக்குச் சட்டமே இல்லையென்று அந்தோணிசாமி மைக்கில் சொல்லி, முடிவை இன்னும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கத் தள்ளி வைக்கிறார். [கோழைத்தனம். என்னுடையது, அவருடையது அல்ல. அடித்துவிட்டேன்.]

முடிவு நான்கு. ஆடு மைதானத்துக்குள் [இல்லை.]

10

எனக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. கையில் ஒரே ஒரு சொல் மிச்சம். நல்ல வேளை, 'வுடு' ஒரு சொல். 'வுடாத' ஒரு சொல். எது கொடுத்தாலும் கணக்கு சரியாக வரும்.

நான் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு பேரையும் பிடித்திருக்கிறது. அவளுக்குச் சேர் வேண்டும் என்று இருக்கிறது. அவன் அந்தக் கோட்டைத் தொட வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் நானே எழுதிவிட்டு ஒன்றை அடிக்க மாட்டேன்.

அவனுக்கு மூச்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கலைப்பிரியா கோட்டோரம் குனிந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துவிட்டாள்.

அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. கூட்டம் இரைகிறது, அவனுக்குக் கேட்க வேண்டும்.